ஒருவரா, இருபதாயிரம் பேரா: வில்னா கெட்டோவில் நடக்காமல் போன எழுச்சி

1943 ஜூலை 16-ஆம் தேதி நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வில்னா கெட்டோவின் சந்துகளில் யூதர்களே யூத இளைஞர்களைக் கல்லால் அடித்தார்கள். சிலர் கோடரியோடும் வந்தார்கள். அடி வாங்கிய இளைஞர்களிடம் கைத்துப்பாக்கி இருந்தது, கையெறி குண்டும் இருந்தது. சொந்த மக்களைச் சுடுவதில்லை என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த நாள் முடிவதற்குள் அவர்களுடைய தளபதி தானாகவே நடந்துபோய் ஜெர்மானியர்களிடம் தன்னை ஒப்படைத்தார்.

நாஜிகளை யூத இளைஞர்கள் எதிர்த்த கதை என்றதும் எல்லோருக்கும் வார்சாதான் நினைவுக்கு வரும். 1943 ஏப்ரலில் தொடங்கி வாரக்கணக்கில் சண்டை போட்ட கெட்டோ அது. வில்னாவின் கதை வேறு. ‘எல்லோரையும் கொல்லப்போகிறார்கள், ஆயுதம் எடுப்போம்’ என்ற அழைப்பு ஒரு கெட்டோவுக்குள்ளிருந்து முதன்முதலாக எழுந்தது இங்கேதான், வார்சாவுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னால். அமைப்பு கட்டினார்கள், ஆயுதம் சேர்த்தார்கள், ரயிலைக் கவிழ்த்தார்கள். ஆனால் கெட்டோவுக்குள் நடத்தத் திட்டமிட்ட எழுச்சி மட்டும் நடக்கவில்லை. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி. துணிச்சல் போதவில்லை என்ற பதிலை இப்போதே தள்ளி வைத்துவிடலாம். ஆயுதம் போதவில்லை என்பது உண்மைதான், வார்சாவிலும் போதவில்லையே.

ஊரும் குழிகளும்

வில்னா இன்று லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸ். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அது போலந்தில் இருந்தது. யூதக் கல்விக்கும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இட்டிஷின் இலக்கியத்துக்கும் பேர்போன ஊர். ‘லித்துவேனியாவின் எருசலேம்’ என்றே யூதர்கள் அதைச் சொல்வார்கள். 1939-இல் ஜெர்மனி போலந்தைத் தாக்கியபோது, போலந்தின் பல ஊர்களிலிருந்து யூத இளைஞர் இயக்கத்தினர் வில்னாவுக்கு ஓடிவந்தார்கள். இங்கிருந்து எப்படியாவது பாலஸ்தீனத்துக்குப் போய்விடலாம் என்ற எண்ணம். பெரும்பாலோருக்கு வழி கிடைக்கவில்லை. ஆகவே 1941 ஜூன் 24-இல் ஜெர்மன் படை வில்னாவுக்குள் நுழைந்தபோது, கூட்டம் நடத்தவும் ரகசியம் காக்கவும் பழகிய இருபது வயதுக்காரர்கள் நிறையப் பேர் ஊருக்குள் இருந்தார்கள். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு செறிவாக இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஊருக்கு வெளியே, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, பொனாரி என்ற காட்டுப் பகுதி. எரிபொருள் தொட்டிகள் அமைக்க, ஜெர்மானியர்களுக்கு முன் இங்கே இருந்த சோவியத் ராணுவம் அங்கே பெரிய வட்டக் குழிகளைத் தோண்டிப் பாதியில் விட்டுப் போயிருந்தது. ஜெர்மானியர்களுக்குக் குழி தோண்டும் வேலைகூட மிச்சம். ஜூலையிலிருந்தே ஆட்களைப் பிடித்துப் போகத் தொடங்கினார்கள். ‘வேலைக்கு’ என்றார்கள். சுட்டவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர்களின் கீழ் இயங்கிய லித்துவேனியத் தனிப்படையினர். செப்டம்பர் 6-இல் மிஞ்சியவர்களை இரண்டு கெட்டோக்களுக்குள் அடைத்தார்கள். அக்டோபரில் சிறிய கெட்டோவையே காலி செய்துவிட்டார்கள். 1941 முடிவதற்குள் ஊரின் யூதர்களில் பாதிக்கு மேல் பொனாரிக் குழிகளில் கிடந்தார்கள். கெட்டோவில் மிச்சம் சுமார் 20,000 பேர்.

அந்த இலையுதிர் காலத்தில் மஞ்சள் நிற வேலைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். மொத்தம் 3,000 சீட்டுகள். சீட்டு வைத்திருப்பவர், அவருடைய துணை, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேர் உயிரோடு இருக்கலாம். பெற்றோருக்கு அதில் இடமில்லை, மூன்றாவது குழந்தைக்கும் இல்லை. கல்யாணம் ஆகாதவர்கள் யாரையோ துணை என்று எழுதிக் காப்பாற்றினார்கள். இந்தச் சீட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘நீ உபயோகமானவன், ஆகவே நீ பிழைப்பாய்’ என்ற பாடத்தைக் கெட்டோவுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். பின்னால் இளைஞர்கள் மோதியது பெரும்பாலும் இந்தப் பாடத்தோடுதான்.

ஓர் ஊகம்

செப்டம்பர் தொடக்கத்திலேயே பொனாரிக் குழியிலிருந்து சிலர் தப்பி வந்திருந்தார்கள். குண்டு பட்டும் சாகாமல், பிணங்களுக்கு அடியிலிருந்து இருட்டில் ஊர்ந்து வெளியேறிய பெண்களும் சிறுமிகளும் அவர்கள். கெட்டோ மருத்துவமனையில் அவர்கள் சொன்னதைக் கேட்டவர்களில் பலர், அதிர்ச்சியில் பிதற்றுகிறார்கள் என்றே நினைத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. நம்ப மறுப்பதற்கு அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

நம்பியவர்களில் ஒருவர் ஆபா கோவ்னர். வயது 23. கவிதை எழுதுபவர், ஹஷோமர் ஹட்சாயிர் என்ற இடதுசாரி சியோனிஸ்ட் (பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற) இளைஞர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். ஊருக்கு வெளியே டொமினிக்கன் கன்னியர் மடம் ஒன்றில் அன்னா போர்கோவ்ஸ்கா என்ற தலைமைக் கன்னியாஸ்திரீ அவரையும் தோழர்களையும் ஒளித்து வைத்திருந்தார். சுற்றிலும் இன அழிப்பு நடக்க, சுமார் பதினைந்து யூத நாத்திக இளைஞர்கள் ஒரு கத்தோலிக்க மடத்தில் தோட்டவேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே இருந்தபடியே கோவ்னர் ஒரு முடிவுக்கு வந்தார். பொனாரி ஏதோ உள்ளூர் வெறியாட்டம் அல்ல, லித்துவேனியர்களின் பழிவாங்கலும் அல்ல. ஐரோப்பாவின் எல்லா யூதர்களையும் ஒழிக்கும் திட்டத்தின் தொடக்கம் என்பதே அந்த முடிவு.

இன்று நமக்கு இது வெளிப்படையாகத் தெரிகிறது. அன்று அவரிடம் எந்த ஆவணமும் இல்லை. வார்சாவிலிருந்தும் இன்னொரு போலந்து ஊரான பியாலிஸ்டோக்கிலிருந்தும் வந்த தூதுப் பெண்கள் அங்கே பசியும் நோயும் பற்றித்தான் சொன்னார்கள், கூட்டக்கொலை பற்றி அல்ல. வான்சே மாநாடு நடந்ததே 1942 ஜனவரி 20-இல்தான். அதாவது, ஜெர்மன் அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிர்வாக விவரங்களைப் பேசி முடிப்பதற்கு முன்பே ஒரு 23 வயது இளைஞர் அந்தத் திட்டத்தை ஊகித்துவிட்டார்.

எல்லாத் தோழர்களும் ஏற்கவில்லை. ட்ரோர் என்ற மற்றொரு சியோனிஸ்ட் இளைஞர் இயக்கத்தின் மொர்தெகாய் தெனென்பாம், வில்னாதான் ஆபத்தான இடம், ஆகவே ஆட்களை பியாலிஸ்டோக்குக்கு நகர்த்துவோம் என்றார். அதற்கு வண்டியும் கொடுத்து உதவியவர் ஜெர்மன் ராணுவத்திலேயே சார்ஜென்ட்டாக இருந்த ஆஸ்திரியர் ஆன்டன் ஷ்மிட். அவரை 1942 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் தெனென்பாமின் வாதம்தான் நிதானமானது. கோவ்னருடையது பெரிய தாவல். ஆனால் சரியாக இருந்தது தாவல்தான்.

1941 டிசம்பர் 31 இரவு, ஸ்ட்ராஷூனா தெரு 2-ஆம் எண் வீட்டில் இருந்த கஞ்சி வழங்கும் பொதுச் சமையற்கூடத்தில் சுமார் 150 இளைஞர்கள் கூடினார்கள். புத்தாண்டு இரவில் காவலர்கள் குடித்துக் கிடப்பார்கள் என்ற கணக்கு. கோவ்னர் இட்டிஷ் மொழியில் ஓர் அறிக்கையை வாசித்தார். வார்சாவிலிருந்து வந்திருந்த தோசியா அல்ட்மன் அதையே ஹீப்ரூவில் வாசித்தார். அழைத்துப் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள், பொனாரி முகாம் அல்ல, அங்கே எல்லோரையும் சுட்டுவிட்டார்கள், ஹிட்லர் ஐரோப்பிய யூதர்கள் அனைவரையும் ஒழிக்கத் திட்டமிட்டிருக்கிறார், நாம்தான் வரிசையில் முதல் என்றது அறிக்கை. வெட்டப் போகும் ஆடுகளைப் போல நாம் போகக் கூடாது என்ற பிரபலமான வரி அதில்தான் வருகிறது. வேத நூலிலிருந்து எடுத்த அந்த வரி பின்னால் கோவ்னருக்கே தலைவலியானது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பகையாளிகளின் கூட்டணி

மூன்று வாரம் கழித்து, 1942 ஜனவரி 21-இல், ஐக்கியப் பார்ட்டிசான் அமைப்பு பிறந்தது. பார்ட்டிசான் என்றால் கெரில்லாப் போராளி. இட்டிஷ் பெயரின் முதலெழுத்துகளால் எஃப்.பி.ஓ. உள்ளே யார் யார் என்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். வலதுசாரி பேத்தார் இயக்கத்தின் ஜோசஃப் கிளாஸ்மன், இடதுசாரி சியோனிஸ்ட் கோவ்னர், கம்யூனிஸ்ட் இட்ஸிக் விட்டன்பெர்க். கொஞ்ச நாளில் சியோனிசத்தையே எதிர்த்த புண்ட் என்ற யூத சோஷலிஸ்ட் கட்சியினரும் சேர்ந்தார்கள். போருக்கு முன் ஒருவர் கூட்டத்தை மற்றவர் கலைத்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள். மற்ற கெட்டோக்களில் இப்படி ஒரு கூட்டணி அமைய மாதக்கணக்கில் ஆனது. வில்னாவில் பொனாரி அந்த வேலையைச் சுலபமாக்கிவிட்டது.

தளபதியாக விட்டன்பெர்க்கைத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பதுகளின் நடுவில் இருந்தவர், மற்றவர்களைவிட மூத்தவர். வெளியே நகரத்தில் இருந்த கம்யூனிஸ்ட் தலைமறைவுக் குழுவோடும் அதன் வழியாகச் சோவியத் ராணுவமான செம்படையோடும் தொடர்பு வேண்டுமானால் ஒரு கம்யூனிஸ்ட்தான் தலைமையில் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். அரசியலாகப் பார்த்தால் நல்ல முடிவுதான். ஆனால் கெட்டோவுக்கு வெளியே பிடிபடும் ஒரு கம்யூனிஸ்ட், சித்திரவதையில் வாய் திறந்தால் தளபதியின் பெயர் வந்துவிடும். அந்த ஓட்டை முதல் நாளிலிருந்தே இருந்தது.

உறுப்பினர்கள் ஏறக்குறைய 300 பேர். ஐந்தைந்து பேராகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மற்றொன்றைத் தெரியாது. அவசரமாகத் திரள வேண்டுமானால் ‘லிசா அழைக்கிறாள்’ என்பது அடையாளச் சொல். கெட்டோவுக்கு வெளியே தூது வேலை செய்து பிடிபட்டு, பொனாரியில் கொல்லப்பட்ட லிசா மாகுன் என்ற தோழியின் பெயர் அது.

ஆயுதம் சேர்த்ததை மட்டும் தனியாக எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். ஜெர்மானியர்கள் கைப்பற்றிய சோவியத் ஆயுதங்களைக் குவித்து வைத்திருந்த புர்பிஷ்கிக் கிடங்கில் யூதர்களைக் கூலி வேலைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வேலை செய்த பரூக் கோல்ட்ஸ்டைன் உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டு அதற்குள் துப்பாக்கியை வைத்து வாசல் சோதனையைத் தாண்டினார். கருவிப் பெட்டிக்குக் கள்ள அடித்தட்டு வைத்து உதிரி பாகங்களைக் கொண்டுவந்தார்கள். சாக்கடைக் குழாய் வழியாகவும் வந்தது. யூதப் புத்தகங்களைத் தரம் பிரித்து ஜெர்மனிக்கு அனுப்ப நாஜிகள் ஒரு பிரிவை வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த ஆப்ரஹாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி போன்ற கவிஞர்கள் அரிய சுவடிகளை உடைக்குள் மறைத்துக் கடத்தினார்கள். அதே வழியில் ஆயுதமும் வந்தது. மடத்திலிருந்து போர்கோவ்ஸ்காவே கையெறி குண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார்.

1942 ஜூலையில் விட்கா கெம்ப்னர் என்ற இளம் பெண், தோழர்கள் இருவரோடு கெட்டோவை விட்டு வெளியேறி, பல கிலோமீட்டர் தள்ளி ரயில் பாதையில் கண்ணிவெடி வைத்தார். கூடப் போன இருவரில் ஒருவர் கெட்டோ போலீஸ்காரர், ரகசியமாக எஃப்.பி.ஓ. உறுப்பினர். அதற்கு முன் பல இரவுகள் விட்கா தனியாகப் போய்ப் பாதையை வேவு பார்த்திருந்தார். ராணுவ ரயில் கவிழ்ந்தது. இடத்தை அவ்வளவு தொலைவில் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், சந்தேகம் கெட்டோ மேல் விழக் கூடாது என்பதுதான். எதிரியைத் தாக்க வேண்டும், தாக்கியது நாம்தான் என்று யாருக்கும் தெரியவும் கூடாது. வில்னா இளைஞர்களின் நிலைமை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

கென்ஸின் கணக்கு

கெட்டோவுக்குள் யூத போலீஸ் இருந்தது. அதன் தலைவர் யாகோப் கென்ஸ், லித்துவேனிய ராணுவத்தின் முன்னாள் அதிகாரி. மனைவி யூதர் அல்லாதவர், கெட்டோவுக்கு வெளியே வாழ்ந்தார். நினைத்திருந்தால் கென்ஸும் வெளியே ஒளிந்திருக்கலாம். 1942 ஜூலையில் ஜெர்மானியர்கள் யூத நிர்வாகக் குழுவைக் கலைத்து முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள்.

அவருடைய கொள்கை: வேலை செய்தால் உயிர் பிழைக்கலாம். ஆயிரம் பேரைக் கேட்டால் நானே கொடுக்கிறேன், இல்லாவிட்டால் அவர்கள் உள்ளே வந்து பல ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். 1942 அக்டோபரில் ஓஷ்மியானா ஊரில் ஜெர்மானியர்கள் 1,500 பேரைக் கேட்டார்கள். கென்ஸ் தன் போலீஸை அனுப்பி, பேரம் பேசி, சுமார் 400 முதியவர்களைக் கொடுத்து முடித்தார். மிச்சப்பட்டவர்களைக் கணக்குக் காட்டி அதை நியாயப்படுத்தினார்.

கென்ஸை வெறும் துரோகி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். 1942 தொடக்கம் முதல் 1943 வசந்தம் வரை வில்னாவில் பெரிய கொலை எதுவும் நடக்கவில்லை. அந்த மாதங்களில் கெட்டோவுக்குள் நாடகம் நடந்தது, பள்ளிக்கூடம் நடந்தது. ஸ்ட்ராஷூனா 6-இல் ஹெர்மன் க்ருக் நடத்திய நூலகத்தில் ஒரு லட்சமாவது புத்தகம் இரவல் போனதை 1942 டிசம்பரில் விழாவாகக் கொண்டாடினார்கள். இட்ஸ்ஹோக் ருதஷெவ்ஸ்கி என்ற பள்ளிச் சிறுவன் அந்த விழாவைப் பற்றித் தன் நாட்குறிப்பில் உற்சாகமாக எழுதியிருக்கிறான். அந்த மாதம்தான் அவனுக்கு 15 வயது முடிந்திருந்தது. இதெல்லாம் கென்ஸின் கணக்கு பலிக்கிறது என்பதற்குச் சான்றாகவே மக்களுக்குத் தெரிந்தது. எஃப்.பி.ஓ. இருப்பது கென்ஸுக்குத் தெரியும். கடைசி நேரம் வந்தால் நானும் உங்களோடு நிற்பேன் என்று அவர்களிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

இளைஞர்களின் திட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கெட்டோ முழுவதையும் அழிக்க வருகிறார்கள் என்பது உறுதியானால் மட்டுமே எழுச்சி என்பது விதி. அதற்கு முன்னால் தொடங்கினால், பிழைக்க வாய்ப்புள்ள ஆயிரக்கணக்கானவர்களை நாமே சாகடித்ததாகிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மானியர்கள் ஒருபோதும் மொத்தமாக எடுக்கவில்லை. இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை மீதமிருந்தது. ‘இதுதான் கடைசி’ என்று எந்த நாளைப் பார்த்துச் சொல்வது?

1943 ஏப்ரல் 5-இல் சுற்று வட்டாரச் சிறு கெட்டோக்களின் யூதர்களை கோவ்னோ நகரத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி ரயிலேற்றினார்கள். ரயில் பொனாரியில் நின்றது. சுமார் 4,000 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து ருதஷெவ்ஸ்கியின் நாட்குறிப்பு நின்றுபோகிறது. அந்த மாதமே வார்சா எழுச்சிச் செய்தி ரகசிய வானொலியில் வந்தது. ஜூன் 21-இல் இந்தப் பிராந்தியத்தின் கெட்டோக்களை எல்லாம் கலைக்கச் சொல்லி நாஜி எஸ்.எஸ். படையின் தலைவர் ஹிம்லர் உத்தரவிட்டார்.

ஜூலை 15, 16

ஜூலையில் நகரத்துக் கம்யூனிஸ்ட் குழுவைச் சேர்ந்த கோஸ்லோவ்ஸ்கி பிடிபட்டார். சித்திரவதையில் விட்டன்பெர்க் பெயரைச் சொல்லிவிட்டார். எஃப்.பி.ஓ. பற்றி ஜெர்மானியர்களுக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவர்கள் கேட்டது ஒரு கம்யூனிஸ்ட்டை.

ஜூலை 15 இரவு கென்ஸ் எஃப்.பி.ஓ. தலைமையைத் தன் வீட்டுக்குப் பேச அழைத்தார். விட்டன்பெர்க்கும் கோவ்னரும் மற்றவர்களும் போனார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே, ஜெர்மானியர்களின் கீழ் இயங்கிய பாதுகாப்புப் போலீஸார் உள்ளே நுழைந்து, விட்டன்பெர்க் யார் என்று கேட்டு, விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். வாசலை நோக்கிப் போகும் வழியில் எஃப்.பி.ஓ. இளைஞர்கள் பாய்ந்து அவரை மீட்டார்கள். ‘லிசா அழைக்கிறாள்’ என்ற செய்தி சந்து சந்தாகப் பரவியது. ஆயுதங்கள் மறைவிடங்களிலிருந்து வெளியே வந்தன.

கென்ஸ் அந்த இரவே போலீஸாரையும் வேலைக்குழுத் தலைவர்களையும் கெட்டோ முரடர்களையும் கூட்டினார். காலைக்குள் விட்டன்பெர்க்கை உயிரோடு ஒப்படைக்காவிட்டால் கெட்டோவையே தரைமட்டமாக்குவார்கள் என்றார். ஒருவர் உயிரா, இருபதாயிரம் உயிரா? கேள்வியை அவர் வைத்த விதத்திலேயே பதில் இருந்தது. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மக்கள் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைகளோடு இருந்த தாய்மார்கள், சீட்டு வைத்திருந்த தொழிலாளிகள், எல்லோரும் விட்டன்பெர்க்கைத் தேடினார்கள். அவர் பெண் உடையில் மறைவிடம் மாறிக்கொண்டிருந்தார்.

எஃப்.பி.ஓ.வுக்கு முன்னால் இருந்த வழிகளைப் பார்ப்போம். மக்களைச் சுட்டுத் தளபதியைக் காக்கலாம். அப்புறம் யாருக்காக அந்த அமைப்பு? அந்த நிமிடமே ஜெர்மானியர்கள் மீது எழுச்சியைத் தொடங்கலாம். ஆனால் வாசலுக்கு வெளியே இருக்கும் எதிரியை எட்டுவதற்கு முன்பே உள்ளே யூதர்களோடு சண்டை வரும். அவரை வெளியே கடத்தலாம். அதற்கான விலையைக் கெட்டோ கொடுக்கும். தற்கொலை செய்துகொண்டு பிணத்தைக் கொடுக்கலாம் என்றால், அவர்கள் கேட்டது உயிரோடு. கம்யூனிஸ்ட் தோழர்கள் தனியே கூடினார்கள். போய்விடுவதுதான் வழி, ஆனால் முடிவு உன்னுடையது என்று அவரிடம் சொன்னார்கள். கட்சி அப்படிச் சொன்னது விட்டன்பெர்க்குக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் யோசித்துப் பார்க்கலாம்.

கைத்துப்பாக்கியையும் தளபதிப் பொறுப்பையும் கோவ்னரிடம் கொடுத்துவிட்டு அவர் நடந்துபோனார். மறுநாள் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் காவலில் இறந்து கிடந்தார். கென்ஸ் மூலமாகக் கிடைத்த சயனைடு என்பது பரவலான கருத்து. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, அடுத்த வாரங்களில் எஃப்.பி.ஓ. உறுப்பினர் எவரையும் தேடி கெஸ்டபோ வரவில்லை என்பதே அதற்குச் சான்று.

இதைச் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. ஆய்வுக்கு முக்கியமானது வேறு. எழுச்சி நடந்தால் மக்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது: இளைஞர்களுக்கு, கென்ஸுக்கு, கெஸ்டபோவுக்கும்தான்.

தப்பினால் வீட்டார் சாவார்கள்

ஒரு வாரம் கழித்து, ஜூலை 24-இல், கிளாஸ்மன் தலைமையில் 21 பேர் காட்டுக்குப் புறப்பட்டார்கள். விட்டன்பெர்க்கின் புனைபெயரான லியோன் என்பதையே குழுவின் பெயராக வைத்தார்கள். வழியில் வேலை முகாம்களிலிருந்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். ஆற்றுப் பாலம் ஒன்றில் ஜெர்மானியர்கள் பதுங்கியிருந்து தாக்கியதில் 9 பேர் இறந்தார்கள். பிணங்களில் இருந்த அடையாளத் தாள்களை வைத்து ஜெர்மானியர்கள் கெட்டோவுக்கு வந்தார்கள். குடும்பத்தாரையும் வேலைக்குழுத் தலைவர்களையும் சேர்த்து 32 பேரை பொனாரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். இனி ஒருவர் தப்பினால் அவருடைய குடும்பம் முழுவதும் சாகும், வேலைக்கு வெளியே போகும் பத்துப் பேரில் ஒருவர் குறைந்தால் மீதி ஒன்பது பேரும் சாவார்கள் என்று அறிவித்தார்கள்.

இதைவிட மலிவான ஆயுதம் எந்த ராணுவத்திடமும் இருந்ததில்லை. ஒவ்வொருவர் கழுத்திலும் இன்னொருவர் உயிரைக் கட்டிவிட்டால் காவலுக்கு ஆளே தேவையில்லை. போர்க்களத்தில் துணிச்சல் என்றால் தன் உயிரைப் பணயம் வைப்பது. இங்கே இளைஞர்களிடம் கேட்கப்பட்டது அம்மாவின் உயிரை, பக்கத்தில் மரம் அறுப்பவரின் உயிரை.

செப்டம்பர்

ஆகஸ்டில் எஸ்தோனியாவுக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். முதலில் யாரும் நம்பவில்லை, பொனாரி என்றே நினைத்தார்கள். பிறகு போனவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. உண்மையிலேயே வேலை முகாம்தான்! இந்தக் கடிதங்கள் எஃப்.பி.ஓ.வுக்குச் செய்த சேதத்தை எந்த கெஸ்டபோ அதிகாரியாலும் செய்திருக்க முடியாது.

செப்டம்பர் 1 அதிகாலை கெட்டோவைச் சூழ்ந்தார்கள். எஃப்.பி.ஓ. திரண்டது. ஒரு படைப்பிரிவு ஆயுதம் வந்து சேர்வதற்காக முற்றத்தில் காத்திருக்கும்போதே சுற்றி வளைக்கப்பட்டது. பலர் பிடிபட்டு எஸ்தோனியாவுக்குப் போனார்கள். மீதிப் பேர் ஸ்ட்ராஷூனா தெருவில் தடுப்பு அமைத்தார்கள். யூதர்களே, வேலைக்கு என்று சொல்வதை நம்பாதீர்கள், ஆயுதம் இல்லாதவர்கள் கோடரியை எடுங்கள் என்ற அழைப்பு வெளியானது. மக்கள் மறைவிடங்களுக்குள் போனார்கள், அல்லது எஸ்தோனியா வரிசைக்கு. தடுப்புகளுக்கு வரவில்லை.

ஸ்ட்ராஷூனா 12-இல் யெகியேல் ஷைன்பாம் தலைமையில் இருந்த குழு சுட்டது. கெட்டோவைவிடக் காடே மேல் என்று ஆரம்பத்திலிருந்தே வாதாடியவர் அவர். தனிக் குழுவாக இருந்து பிறகு எஃப்.பி.ஓ.வோடு சேர்ந்தவர். அங்கேயே இறந்தார். ஜெர்மானியர்கள் அந்த வீட்டை வெடி வைத்துத் தகர்த்தார்கள். முக்கியப் படை கொஞ்ச தூரத்தில் 6-ஆம் எண் நூலகக் கட்டடத்தில் காத்திருந்தது. இருட்டியதும் ஜெர்மானியர்கள் பின்வாங்கினார்கள். நீங்கள் உள்ளே வர வேண்டாம், எண்ணிக்கையை நானே நிரப்பித் தருகிறேன் என்று கென்ஸ் பேசி முடித்திருந்தார். சண்டைக்கு எதிரி வரவில்லை. அடுத்த நாட்களில் யூத போலீஸே ஆட்களைப் பிடித்துக் கொடுத்தது. ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்திலும் சேர்த்து 7,000-க்கும் மேற்பட்டோர் எஸ்தோனியாவுக்குப் போனார்கள்.

இதற்குப் பின்தான் எஃப்.பி.ஓ. கெட்டோவைக் கைவிட்டுக் காட்டுக்குப் போக முடிவெடுத்தது. கென்ஸை கெஸ்டபோ செப்டம்பர் 14-இல் சுட்டது. தப்பி ஓடச் சொன்னார்களாம், மறுத்துவிட்டுப் போனார். செப்டம்பர் 23-இல் கெட்டோவைக் காலி செய்தார்கள். உடல் பலம் உள்ளவர்கள் எஸ்தோனியாவுக்கும் லாட்வியாவுக்கும். முதியவர்களும் குழந்தைகளும் அவர்களோடு இருந்த பெண்களும் சாவுக்கு. அன்று கடைசிப் போராளிகள் எண்பது முதல் நூறு பேர் ஷ்முவேல் கப்ளின்ஸ்கி வழிகாட்ட, சாக்கடைக் குழாய்க்குள் பல மணி நேரம் தவழ்ந்து ஊருக்குள் வெளிப்பட்டார்கள். விட்கா அங்கே காத்திருந்தார். அந்தப் போராளிகளில் ஹ்வொய்னிக், ஆசியா பிக், கப்லான் முதலியோர் வழியில் ஜெர்மானியர்களோடு மோதிப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள்.

கோவ்னர் பல வருடம் கழித்துச் சொன்ன ஒரு விஷயம். ஸ்ட்ராஷூனா 6-இல் இருக்கும்போது அவருடைய அம்மா தேடி வந்து, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். மகனிடம் பதில் இல்லை. போராளிகளை மட்டுமே வெளியேற்ற முடியும் என்பது அவர் தலைமை தாங்கிய அமைப்பின் முடிவு. அம்மா கொல்லப்பட்டார்.

காட்டிலும் நிலைமை எளிதாக இல்லை. நாரோச் காட்டில் சோவியத் பார்ட்டிசான்கள் யூதத் தனிப்பிரிவைக் கலைத்து, ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். கிளாஸ்மனும் அவரோடு இருந்த முப்பதுக்கும் மேற்பட்டோரும் அக்டோபரில் ஜெர்மன் முற்றுகையில் சிக்கி இறந்தார்கள். ரூட்னிகி காட்டில் கோவ்னர், கப்ளின்ஸ்கி முதலியோர் நான்கு யூதப் பிரிவுகளை அமைத்துத் தண்டவாளங்களையும் பாலங்களையும் தந்திக் கம்பங்களையும் தகர்த்தார்கள். அக்டோபரில் விட்கா ஊருக்குள் திரும்பிப் போய் மின்மாற்றிகளை வெடி வைத்துவிட்டு, வேலை முகாம் ஒன்றிலிருந்து அறுபது பேரைக் காட்டுக்கு அழைத்து வந்தார். 1944 ஜூலை 13-இல் செம்படை வில்னாவைப் பிடித்தபோது அதனோடு இவர்களும் ஊருக்குள் நுழைந்தார்கள். ருதஷெவ்ஸ்கியின் நாட்குறிப்பை மறைவிடத்தில் கண்டெடுத்தது காட்டுக்குப் போய்த் திரும்பிய அவனுடைய உறவுக்காரப் பெண். அவன் கெட்டோ காலியான சில நாளில் பொனாரியில் கொல்லப்பட்டிருந்தான்.

வார்சாவும் பியாலிஸ்டோக்கும்

வில்னாவில் நடக்காதது வார்சாவில் எப்படி நடந்தது? 1942 கோடையில் வார்சாவிலிருந்து ஏறக்குறைய 2,65,000 பேரை த்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1943-இல் மிஞ்சிய ஐம்பது அறுபதாயிரம் பேரில் பெரும்பாலோருக்குக் காப்பாற்ற வேண்டிய பெற்றோரோ பிள்ளைகளோ இல்லை. வேலைச் சீட்டை நம்பும் காலமும் போய்விட்டது. அவர்கள் துப்பாக்கி எடுக்காவிட்டாலும் நிலவறை தோண்டினார்கள், ரயிலுக்கு வர மறுத்தார்கள். போராளிகளுக்குப் பின்னால் ஒரு கெட்டோ இருந்தது. வில்னாவில் 1943-இலும் குடும்பங்கள் இருந்தன, எஸ்தோனியாவிலிருந்து கடிதம் வந்தது.

பியாலிஸ்டோக் இதை இன்னும் தெளிவாக்குகிறது. அங்கே தெனென்பாம், அதே தெனென்பாம்தான், 1943 ஆகஸ்ட் 16-இல் எழுச்சியைத் தொடங்கியே விட்டார். தலைமையில் தயக்கம் இல்லை, விட்டன்பெர்க் விவகாரம் போல ஒன்றும் இல்லை. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அவர்களைத் தாண்டி ரயிலுக்குப் போனார்கள். எழுச்சி சில நாளில் முடிந்தது. தெனென்பாமும் இறந்தார். ஆகவே வில்னாவின் முடிவுக்கு கோவ்னரின் தயக்கத்தையோ விட்டன்பெர்க் சரணடைந்ததையோ மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. அன்று சுட ஆரம்பித்திருந்தாலும் வில்னா இன்னொரு பியாலிஸ்டோக் ஆகியிருக்கும் என்பதே என் கணிப்பு. காட்டுக்குப் போய்ப் பிழைத்தவர்களும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

போருக்குப் பின் ஆடுகள் பற்றிய அந்த வரி கோவ்னரின் கையை விட்டுப் போய்விட்டது. பிழைக்கப் போராடச் சொன்ன அழைப்பை, இறந்தவர்களைப் பழிக்கும் சொல்லாகப் பலர் பயன்படுத்தினார்கள். 1961-இல் எருசலேமில், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் கோவ்னர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஏன் எதிர்த்து எழவில்லை என்ற கேள்வி இந்த மன்றத்தில் மிதந்துகொண்டிருக்கிறது, அதில் குற்றச்சாட்டின் சாயல் சிறிதளவு இருந்தாலும் சண்டை போட்டவன் என்ற முறையில் அதை எதிர்க்கிறேன் என்ற பொருளில் பேசினார்.